இந்த ஈ எந்தக் குடும்பம்? படத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

முதலில் 'ஈ' என்ற சொல்லையே கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். தேனீயின் பெயரில் ஈ இருக்கிறது, ஆனால் அது ஈ இல்லை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் கண்டார்களே, சுருள் வெள்ளை ஈ, அதுவும் ஈ இல்லை, அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் உறவு. கொசுத்தேனீ என்ற பெயரில் கொசுவும் இருக்கிறது, ஈயும் இருக்கிறது, பூச்சியோ இரண்டும் இல்லை. ஆனால் நாம் ஒருநாளும் ஈ என்று கூப்பிடாத கொசு இருக்கிறதே, அது சுத்தமான ஈ வரிசை. லின்னேயஸ் 1758-ல் பூச்சிகளைப் பிரித்தபோது ஈ, கொசு எல்லாவற்றையும் டிப்டெரா என்ற வரிசையில் வைத்தார். இரண்டே இறக்கை உள்ளது என்று பொருள். அதில் இன்றைக்கு ஒன்றரை லட்சம் இனங்களுக்கு மேல் பெயர் வைத்திருக்கிறார்கள், 150-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். இத்தனைக்குள் ஒரு படத்தை வைத்துக்கொண்டு இனத்தின் பெயரைத் தேடினால் தலைசுற்றும். குடும்பத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும், கிடைத்தால் அந்தப் பூச்சி எப்படி வாழ்கிறது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

சரி, கையில் ஒரு படம் இருக்கிறது. அது ஈதானா? மற்ற பூச்சிகளுக்குப் பின் இறக்கை இருக்கும் இடத்தில் ஈக்குத் தீக்குச்சி மருந்து மாதிரி ஒரு குட்டிக் குமிழ் காம்போடு நிற்கும். ஹால்ட்டர் என்பார்கள், பறக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அறிய உதவும் உறுப்பு. அது படத்தில் தெரிந்துவிட்டால் பேச்சே இல்லை. ஆனால் பல படங்களில் தெரியாது, இறக்கையை எண்ணிப் பார்ப்பதும் உதவாது, ஏனென்றால் தேனீயும் குளவியும் முன் இறக்கையையும் பின் இறக்கையையும் கொக்கி போட்டு இணைத்துக்கொள்வதால் நான்கு இரண்டாகத் தெரியும். அப்போது தலையைப் பாருங்கள். தேனீக்கும் குளவிக்கும் உணர்கொம்பு நீளமாக, பெரும்பாலும் முழங்கை மாதிரி மடங்கி இருக்கும். தேனீ வேஷம் போடும் ஈக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொம்பு கண்ணுக்கே தெரியாத அளவு குட்டையாக இருக்கும், கண்கள் தலை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். மரக்கொம்பில் கூடு கட்டும் கொம்புத் தேனீ என்று நினைத்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதி நேரம் அது பூ ஈயாக இருப்பது இதனால்தான்.

படம் எடுப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடையாளம் காண்பதில் முக்கால்வாசி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு அழகான படத்தைவிட சுமாரான நான்கு படங்கள் மேல். மேலிருந்து ஒன்று, அதில் இறக்கை நரம்பும் முதுகுக் கோடுகளும் வரும். பக்கவாட்டில் ஒன்று, அதில் உடம்பு முட்கள். முன்னாலிருந்து ஒன்று, அதில் கொம்பும் முகமும் வாயும். நான்காவது, அது உட்கார்ந்திருக்கும் இடம் தெரிகிற மாதிரி தள்ளி நின்று எடுத்தது. முதல் படத்தைத் தூரத்திலேயே எடுத்துவிடுங்கள், பிறகு ஒவ்வொரு அடியாக நெருங்குங்கள், உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. விடிந்ததும் வெயில் ஏறுவதற்கு முன் போனால் ஈக்கள் மந்தமாக இருக்கும். உட்கார்ந்த ஈ சீக்கிரமே தன்னைத் துடைத்துக்கொள்ள ஆரம்பிக்கும், முன்கால்களைத் தேய்க்கும், பின்காலால் இறக்கையை நீவிவிடும். அந்த நேரத்தில் இறக்கை ஒரு நொடி விரியும், அதற்காகக் காத்திருக்கலாம். வீட்டு ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கும் ஈயை விட்டுவிடாதீர்கள், வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் இறக்கை நரம்புகள் கோலம் போட்ட மாதிரி தெளிவாக வரும். போனில் எடுப்பவர்கள் டிஜிட்டல் ஜூமைத் தவிர்ப்பது நல்லது, போன் தானாகக் கூர்மையாக்கும்போது இல்லாத கோடுகளும் மயிர்களும் படத்தில் முளைக்கும், அதை நரம்பென்று நம்பிவிடுவோம். ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து அளவு காட்டவெல்லாம் ஈ நேரம் கொடுக்காது, அது உட்கார்ந்திருந்த இலையைப் பறித்து அளந்துகொண்டால் போதும்.

இப்போது கொம்பு. நிறத்தை விட்டுவிட்டு முதலில் கொம்பைப் பாருங்கள். நூல் மாதிரியோ மணி கோத்த மாதிரியோ பல கணுக்களோடு நீளமாக இருந்தால் அது கொசு பக்கம். குட்டையாக, மூன்றே துண்டுதான், அதில் மூன்றாவது துண்டு கூம்பிப் போயிருக்கிறது அல்லது வளையம் வளையமாக இருக்கிறது, இல்லை நுனியில் ஒரு குச்சியோடு முடிகிறது என்றால் மாட்டு ஈ, வேட்டை ஈ பக்கம். குட்டையாகத் தொங்கி, அதன் முதுகிலிருந்து ஒரே ஒரு மயிர் கிளம்பினால் வீட்டு ஈ பக்கம். இந்த மயிருக்கு அரிஸ்டா என்று பெயர். வீட்டு ஈக்கு இது இறகு மாதிரி இருபுறமும் கிளைத்திருக்கும், வேறு சில குடும்பங்களில் மொட்டையாக இருக்கும். விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் இந்த மூன்று கூடையில் ஒன்றில் போட்டுவிட்டால் தேட வேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

கொசு பக்கத்தில் சீக்கிரம் முடித்துவிடலாம். முன்னால் நீட்டிய ஊசி வாயும், இறக்கை நரம்புகளில் செதிலும் இருந்தால் குலிசிடே குடும்பம், அசல் கொசு. அச்சு அசல் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் ஊசி இல்லை, குளத்தங்கரையிலும் தெருவிளக்கடியிலும் கூட்டமாக இருக்கும் என்றால் கைரோனோமிடே, கடிக்காது. இரண்டும் உட்காரும் விதமே வேறு: கைரோனோமிடே முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு உட்காரும், கொசு பின்னங்கால்களைத் தூக்கும். குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில், இதய வடிவில், அந்துப்பூச்சிக் குஞ்சு மாதிரி மயிரடர்ந்து உட்கார்ந்திருப்பது சைகோடிடே, சாக்கடைக் குழாய்க்குள் வளர்வது. ராட்சசக் கொசு என்று பயந்து அடிக்கிறார்களே, அந்த நெடுங்கால் பூச்சி டிப்யூலிடேயும் அதன் உறவுகளும். முதுகில் ஆங்கில 'வி' எழுத்து போல ஒரு பள்ளக்கோடு இருக்கும், தொட்டால் கால் கழன்று வந்துவிடும், கடிக்கவே கடிக்காது, தயவுசெய்து அடிக்காதீர்கள். ஹால்ட்டர் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழக இதைவிட நல்ல பூச்சி இல்லை. இறக்கையில் நாலைந்து நரம்புதான் இருக்கிறது, கொம்பு பாசிமணி கோத்த மாதிரி இருக்கிறது, உடம்பு மெலிந்து சிவந்திருக்கிறது என்றால் செசிடோமைடே. நெல்லில் குருத்தை வெங்காயத் தாள் மாதிரி, யானைத் தந்தம் மாதிரி ஆக்கிவிடும் ஆனைக்கொம்பன் இந்தக் குடும்பம்தான்.

இரண்டாவது கூடைதான் எனக்குப் பிடித்தது, படத்துக்கு நன்றாக நிற்கும் பூச்சிகள் இதில் அதிகம். குச்சி நுனியில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்கும், வாயில் ஏதாவது பூச்சி செருகியிருக்கும், அது அசிலிடே, வேட்டை ஈ. முன்னாலிருந்து எடுத்த படம் இருந்தால் சந்தேகமே வராது: இரண்டு கண்களுக்கும் நடுவில் உச்சந்தலை கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும், முகத்தில் தாடி இருக்கும். மாட்டுக் கொட்டகையில் கிடைக்கும் பெரிய கண் கொண்ட ஈ டபானிடே, பச்சையும் செம்பும் கலந்த பட்டைகள் கண்ணில் ஓடும், இறக்கை நுனிக்கு முன்னால் ஒரு நரம்பு கவட்டை மாதிரி பிரிந்து நுனியை நடுவில் பிடித்துக்கொள்ளும். இந்தக் கண் நிறம் செத்த பிறகு மங்கிவிடும், ஊசி குத்திக் காயவைத்த பூச்சியில் பார்க்க முடியாது. உயிரோடு எடுத்த படம் அருங்காட்சியகப் பெட்டியைவிட ஒரு படி மேலே நிற்கும் இடம் இது. வெறும் தரையில் இறக்கையை இருபுறமும் விரித்துவைத்து, பஞ்சு மாதிரி மயிரோடு உட்கார்ந்திருப்பது பாம்பிலிடே, சிலவற்றின் இறக்கை பாதி கருப்பாகவே இருக்கும், சிலவற்றுக்கு ஊசி மாதிரி நீண்ட வாய்.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் உரத்தொட்டி மூடியில் கருப்பாக, குளவி மாதிரி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். கொம்பும் நீளமாக இருக்கும், அதனால் குளவி என்றே முடிவு கட்டிவிடுவார்கள். வயிறு ஆரம்பிக்கும் இடத்தைப் பெரிதாக்குங்கள், கண்ணாடி பதித்த மாதிரி இரண்டு வெளிறிய ஜன்னல்கள் இருக்கும், வெளிச்சம் அதன் வழியே மறுபக்கம் தெரியும். கால் நுனிகள் வெள்ளையாக இருக்கும். ஸ்ட்ராட்டியோமைடே குடும்பம், கருப்புப் படைவீரன் ஈ, ஹெர்மீஷியா இல்லூசன்ஸ். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் பரவியது, தொட்டிக்குள் நெளியும் தட்டையான பழுப்புப் புழுக்கள் இதன் பிள்ளைகள். இந்தக் குடும்பத்து இறக்கையில் நரம்புகள் எல்லாம் முன் விளிம்பை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு போகும், நடுவில் பல கோண வடிவில் ஒரு சின்ன அறை இருக்கும். அந்தச் சின்ன அறையைப் பழகிக்கொண்டால் நிறம் எப்படி மாறினாலும் குடும்பம் தப்பாது.

நிறத்தை ஏன் இவ்வளவு சந்தேகப்படச் சொல்கிறேன் என்றால், 'பச்சையாக மின்னும் ஈ' என்று தேடியே பலரும் தவறான பெயரில் போய் நிற்கிறார்கள். மின்னும் பச்சை குறைந்தது நான்கு குடும்பங்களில் உண்டு. செடி இலைமேல் துள்ளித் துள்ளி ஓடும், ஒல்லியான, நெடுங்காலுள்ள, அரை சென்டிமீட்டர் பச்சை டாலிகோபோடிடே. மீன் கழிவில் மொய்க்கும் தடித்த பச்சை காலிஃபோரிடே. சாணத்தைச் சுற்றும் பச்சைகளில் சில மஸ்சிடே, அதாவது வீட்டு ஈயின் சொந்தம். ஸ்ட்ராட்டியோமைடேயிலும் பச்சை உண்டு. இது போதாதென்று ஈயே இல்லாத குயில் குளவியும் அதே பச்சையில் மின்னும். ஃபிளாஷ் போட்டால் பச்சை நீலமாகும், நிழலில் செம்பாகும். உடல்வாகும் காலும் கொம்பும் மாறாது.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். எங்கள் மாடியில் பாகற்கொடி இலைக்கு அடியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. சுமார் எட்டு மில்லிமீட்டர், தேன் நிறம், இடுப்பு ஒடுங்கி, முதுகில் மஞ்சள் கோடுகள். குறிப்பேட்டில் சின்னக் குளவி என்று எழுதிவைத்தேன். ஒரு வாரம் கழித்துப் படத்தைத் திறந்து உறுப்பு உறுப்பாகப் பார்த்தபோதுதான் அந்தப் பெயர் நிற்கவில்லை. கொம்பு குட்டை, முகத்தின் முன்னால் தொங்குகிறது, அதன் முதுகில் ஒற்றை மயிர். ஆக ஈ, அதுவும் மூன்றாவது கூடை. இறக்கையின் முன் விளிம்பு முழுக்க ஒரு பழுப்புப் பட்டை, நுனிக்கு வந்ததும் பொட்டு மாதிரி அகன்றுவிடுகிறது, உள்ளே ஒரு குறுக்கு நரம்பின் மேலும் தனியாக ஒரு பழுப்புத் தீற்றல். வயிற்றின் கடைசியில் குழாய் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, கொடுக்கு என்று நான் நினைத்தது அதைத்தான், பெண் ஈ காயைத் துளைத்து முட்டையிடும் குழாயின் உறை அது. இறக்கையில் வடிவம், முட்டைக் குழாய், உட்கார்ந்திருப்பது பாகல் கொடி: டெஃப்ரிடிடே, விவசாயிகள் சொல்லும் பழ ஈ. முதுகின் மஞ்சள் கோடு மூன்றாக இருந்ததும் குறுக்குத் தீற்றலும் சேர்ந்து பாகல், புடலை, பூசணியைச் சொத்தையாக்கும் ஸூகோடாகஸ் குக்கர்பிட்டே வரைக்கும் கொண்டுபோயின. அந்த உறை தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் குளவி குளவியாகவே இருந்திருக்கும். சமையலறையில் வாழைப்பழத்தைச் சுற்றும் சிவப்புக் கண் குட்டியையும் நாம் பழ ஈ என்கிறோம், அது வேறு குடும்பம், டிராசோஃபிலிடே, இறக்கையில் வடிவம் ஏதும் பெரும்பாலும் இருக்காது, காயைத் துளைக்காது, புளித்ததில்தான் முட்டையிடும்.

இன்னொரு குழப்பம், பூக்களில். துளசிப் பூவில் கோடு போட்ட கண்ணோடு ஒரு ஈ. கண்ணில் கோடு என்றதும் எல்லாரும் பூ ஈ, சிர்ஃபிடே, எரிஸ்டாலினஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் ஸ்டோமோரைனா என்ற ஈக்கும் கண்ணில் பட்டை உண்டு, அதுவும் பூவுக்கு வரும், அது ரைனிடே. பழைய புத்தகங்களில் காலிஃபோரிடேக்குள்ளேயே அதை வைத்திருப்பார்கள். எப்படிப் பிரிப்பது? இறக்கைதான். பூ ஈயின் இறக்கையில் வெளி நரம்புகள் விளிம்பைத் தொடாமல் விளிம்புக்கு இணையாகத் திரும்பிவிடும், புடவைக்கு உள்பக்கமாக இன்னொரு கரை போட்ட மாதிரி இருக்கும். இறக்கை நடுவில் எந்த நரம்போடும் சேராமல், எங்கோ தொடங்கி எங்கோ முடியும் மடிப்பு மாதிரி ஒரு பொய் நரம்பு ஓடும், சிர்ஃபிடேயின் முத்திரை அதுதான். எரிஸ்டாலினஸ் வகையறாவில் ஒரு நரம்பு தொட்டில் சேலை மாதிரி நடுவில் நன்றாகத் தொய்ந்து மறுபடி ஏறும். ஸ்டோமோரைனாவில் இது எதுவும் இருக்காது, அதற்குப் பதிலாக முகத்தின் கீழ்ப்பகுதி கருப்பாகப் பளபளத்து மூக்கு மாதிரி முன்னால் துருத்தியிருக்கும். பறக்கும்போது பார்த்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்தரத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில் பூ ஈயை மிஞ்ச ஆளில்லை.

அடுத்து வருவதுதான் கடினமான இடம்: வீட்டு ஈ மாதிரியே இருக்கும் சாம்பல் ஈக்கள். முதலில் முதுகுக் கோடுகளை எண்ணுங்கள். சாதாரண வீட்டு ஈக்கு நான்கு கருங்கோடு. சார்கோஃபாகிடே, அதாவது இறைச்சி ஈக்கு மூன்று, கண் நல்ல சிவப்பு, வயிற்றில் சதுரங்கக் கட்டம், ஈ திரும்பத் திரும்ப அந்தக் கட்டங்களில் கருப்பும் வெள்ளையும் இடம் மாறும். தடித்து, உலோகப் பச்சை அல்லது நீலமாக, கன்னத்துக்கு மேல் பெரிய செங்கல் நிறக் கண்ணோடு இருந்தால் காலிஃபோரிடே, நம் ஊரில் பெரும்பாலும் கிரைசோமையா. உடம்பில் முள் முளைத்த மாதிரி, குறிப்பாக வயிற்று நுனியில் தடித்த முட்கள் நிமிர்ந்திருந்தால் டாக்கினிடேயாக இருக்க வாய்ப்பு அதிகம். புழுக்களுக்குள் தன் பிள்ளையை வளர்க்கும் குடும்பம், விவசாயிக்கு நண்பன்.

ஆனால் உறுதியான அடையாளங்கள் பக்கவாட்டில்தான் இருக்கின்றன. முதுகின் கடைசியில் முக்கோண மூடி மாதிரி ஒன்று இருக்கும், ஸ்கூட்டெல்லம். அதற்குக் கீழே தலையணை மாதிரி இன்னொரு புடைப்பு நன்றாகத் தெரிந்தால் டாக்கினிடே. பின்னங்கால் மார்போடு சேரும் இடத்துக்கு மேலே முட்கள் செங்குத்தாக ஒரே வரிசையில் நின்றால் காலிஃபோரிடே, சார்கோஃபாகிடே, டாக்கினிடே கூட்டம், அந்த வரிசை இல்லை என்றால் மஸ்சிடே, ஆந்தோமையிடே பக்கம். இறக்கையில் நான்காவது நரம்பு நுனிக்கு அருகில் முழங்கை மடக்கின மாதிரி மேலே திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். வீட்டு ஈக்குத் திரும்பும், ஆந்தோமையிடேக்கு நேராகப் போய்விடும். ஆனால் மஸ்சிடேக்குள்ளேயே நேராகப் போகிறவை நிறைய, சோளத்தில் குருத்தைக் காயவைக்கும் குருத்து ஈயும் அப்படித்தான், அதனால் நேர் நரம்பை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

மீதியில் சில, பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவை. கண் இரண்டும் கொம்பு மாதிரி நீண்ட காம்பின் நுனியில் இருந்தால் டயாப்சிடே. நெடுங்காலோடு நின்று, வெள்ளை நுனியுள்ள முன்கால்களை யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஆட்டினால் மைக்ரோபெசிடே. எறும்பு மாதிரி கருப்பாக, இறக்கை நுனியில் ஒரு புள்ளியோடு, சாணத்தின்மேல் இறக்கையை மாறி மாறி அசைத்துக்கொண்டு நடந்தால் செப்சிடே. பொறிவண்டு மாதிரி முதுகு மூடியிருக்கிறது, உற்றுப் பார்த்தால் அது இறக்கை மூடி இல்லை, ஸ்கூட்டெல்லமே ஊதி வயிற்றை மூடியிருக்கிறது என்றால் செலிஃபிடே. நாயின் மேல் தட்டையாக, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடினால் ஹிப்போபோசிடே. தக்காளி இலையில் வெள்ளையாகப் பாம்பு ஊர்ந்த கோடு இருந்தால் பூச்சியே படத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெரும்பாலும் அக்ரோமைசிடே.

ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி செயலிகள் படத்தைப் போட்டவுடன் இனப் பெயரையே நீட்டும். நான் அதைக் கடைசியில்தான் திறக்கிறேன். முதலில் கொம்பு, இறக்கை, உட்காரும் விதம், முட்கள் என்று நான் பார்த்ததை ஒரு தாளில் எழுதிவிட்டு, பிறகு அது சொல்லும் குடும்பத்தின் அடையாளங்களோடு ஒப்பிடுவேன். ஒத்துவந்தால் நல்லது. ஒத்துவராவிட்டால் என் தாளில் இருப்பது படத்தில் உண்மையாகவே தெரிகிறதா, இல்லை நான் ஊகித்ததா என்று மறுபடி பெரிதாக்கிப் பார்ப்பேன். வெளிநாட்டுப் படங்களோடு ஒப்பிடும்போது கூடுதல் கவனம் வேண்டும், அங்கே அந்த நிறத்துக்கு ஒரே குடும்பம் இருக்கலாம், இங்கே மூன்று இருக்கும். நம் பகுதி ஈக்களைப் பற்றி என்ரிக்கோ புருனெட்டி 1912, 1920, 1923 ஆண்டுகளில் வெளியிட்ட தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெயர்கள் பல மாறிவிட்டன, ஆனால் இறக்கை விளக்கங்கள் இன்றும் கைகொடுக்கும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தெரிந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். என்னிடம் படங்களுக்கு ஒரு தனிக் கோப்புறை இருக்கிறது, சாம்பல் ஈக்கள், பக்கவாட்டுப் படம் இல்லை என்று அதற்குப் பெயர். இப்போது அதில் நாற்பதுக்கு மேல் படங்கள். ஒவ்வொன்றோடும் தேதி, நேரம், எந்தச் செடி, எந்தப் பக்கத்திலிருந்து படம் வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் அதே எலுமிச்சைச் செடியில், அதே காலை நேரத்தில் அதே மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்தது, இந்தத் தடவை நேராகப் பக்கவாட்டுக்குப் போனேன், ஸ்கூட்டெல்லத்துக்குக் கீழே அந்தத் தலையணை தெளிவாக விழுந்திருந்தது. பழைய படங்களில் ஏழு உறையை விட்டு வெளியே வந்து டாக்கினிடேயாக இருக்கலாம் என்ற உறைக்குப் போயின, புதிய படம் மட்டும் டாக்கினிடேக்குள் போனது.